விருந்தாளி வருமுன் போட்ட ரோடு

ஊரார் பத்து நாள் பாடுபட்டுப் போட்ட ரோட்டை, ஏழு வெளிநாட்டுக்காரர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒரே காலையில் வெட்டிப் பாழாக்கியவன் நான். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. எங்கள் ஊர்க்காரர் யாராவது சொன்னால் இன்னும் மோசமாக இருக்கும். (ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று எங்கள் கூரை ஓடுகளையும் கொஞ்சம் அசைத்துப் பார்க்கும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

திருவிதாங்கூர்-கொச்சி என்று ஒரு மாநிலம் இருந்த காலம். எனக்கு இருபத்துமூன்று வயது, பி.ஏ. பாஸ். பையன் வேலை தேடிக்கொண்டிருக்கிறான் என்று அப்பா வெளியில் சொல்லுவார். வீட்டுக்குள் வேறு மாதிரி சொல்லுவார். ஊரில் எனக்கு இருந்த ஒரே பதவி வாசகசாலைச் செயலாளர். செய்தித்தாளை வேறு யாரும் தொடுவதற்கு முன் நான் படித்து முடித்துவிடுவதுதான் அந்தப் பதவியின் முக்கியமான கடமை.

அப்படிப் படிக்கும்போதுதான் அந்தத் துண்டுச் செய்தி கண்ணில் பட்டது. வடக்கே வெள்ளத்தில் போன ஒரு கிராமத்தில், ஏதோ சர்வதேசத் தொண்டர் அமைப்பாம், பல நாட்டு இளைஞர்கள் வந்து மண் சுமந்து வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆணும் பெண்ணும் கலந்து கப்பலேறி வந்திருந்தார்கள். கூலி கிடையாது. சோறும் படுக்க இடமும் மட்டும்.

எனக்கு மண்டை குடைச்சல் எடுத்துவிட்டது. இது எப்படி நடக்கும்? இதற்கு முதலாளி யார்? யார் யாரை எங்கே அனுப்புவது என்று எவர் முடிவு செய்வார்? நார்வேக்காரன் ஒருவன் நம் ஊர் மண்ணைத் தலையில் சுமந்தால் அவனுக்கு என்ன கிடைக்கும்? இதையெல்லாம் தெரிந்துகொள்ள ஒரே வழி, அவர்களை இங்கே வரவழைப்பதுதான் என்று முடிவு செய்தேன். எதற்காக வரவழைப்பது என்று பிறகுதான் யோசித்தேன்.

யோசிக்க அதிகம் இல்லை. பெரிய ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்குள் வர ஒரு வண்டித்தடம் உண்டு, முழுக்கக் குழி. அது பிள்ளைமார் தெருவுக்கும் சர்ச் தெருவுக்கும் நடுவே இருந்த வாசகசாலையோடு முடிந்துவிடும். அதற்கப்பால் வரப்பு, ஒரு ஓடை, ஓடைக்கு அக்கரையில் ஒன்பது வீடுகள். கீழக்குடியிருப்பு என்பார்கள். எங்கள் வயல்களில் நட்டு, அறுத்து, கதிர் சுமந்து தந்தவர்கள் எல்லாரும் அந்த ஒன்பது வீட்டில்தான் இருந்தார்கள். வைகாசி நடுவில் இடவப்பாதி மழை தொடங்கினால் அங்கே வண்டி போகாது. முந்தைய வருடம் அங்கே இருந்த பொன்னம்மை என்பவளின் மூத்த மகளைப் பேறுகாலத்துக்குக் கயிற்றுக் கட்டிலில் வைத்து ஓடையைக் கடத்தி, பெரிய ரோடு வரைக்கும் சுமந்தார்கள். தாய் பிழைத்தாள், பிள்ளை பிழைக்கவில்லை.

இதை நான் கடிதத்தில் எழுதினேன். ஆங்கிலத்தில் ரொம்ப நன்றாக வந்திருந்தது. நன்றாக வந்திருக்கிறது என்று நானே இரண்டு முறை வாசித்துப் பார்த்துக்கொண்டேன் என்பதை இப்போது நினைத்தால் கூசுகிறது.

பதிலாக முப்பத்தொரு கேள்விகள் கொண்ட ஒரு படிவம் வந்தது. அதை வாசித்ததில்தான் அந்த அமைப்பு நடக்கும் விதம் கொஞ்சம் பிடிபட்டது. யாரும் கூப்பிடாத இடத்துக்கு அவர்கள் போகமாட்டார்கள். உள்ளூரில் ஒரு கூட்டாளி வேண்டும். இடமும் சாப்பாடும் மண்வெட்டியும் கூட்டாளியின் பொறுப்பு, ஆள் மட்டும் அவர்கள் பொறுப்பு. அதைவிட முக்கியம், அவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேராவது ஊர்க்காரர்கள் பக்கத்தில் நின்று வேலை செய்ய வேண்டும். ஊருக்கு வேலை செய்து கொடுக்க வரவில்லை, ஊரோடு சேர்ந்து வேலை செய்ய வருகிறோம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கேள்விகளுக்கு நான் எழுதிய பதில்களில் சில இன்னும் நினைவிருக்கிறது. "கழிப்பறை எத்தனை?" என்றதற்கு, "விசாலமான வெளியிடம் உண்டு." "ஊரின் எல்லாத் தரப்பாரும் சேர்ந்து இதற்கு முன் செய்த பொதுவேலை எது?" என்றதற்கு, "எல்லா வேலைகளும்." (உண்மையில் இரண்டு தெருவும் சேர்ந்து ஒரு குளத்துப் பாசியைக்கூட அள்ளியது கிடையாது.) "நாங்கள் போன பிறகு இந்த ரோட்டைப் பராமரிக்கப்போவது யார்?" என்பது கடைசிக் கேள்வி. "ஊர்" என்று ஒரே சொல்லில் முடித்தேன்.

கையெழுத்து வாங்குவதுதான் பெரும்பாடு. வாசகசாலைத் தலைவர் நல்லபெருமாள் பிள்ளை என் தாய்மாமா. படிவத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"லே தாணு, இதுல இவனுவளுக்கு என்னவாக்கும் லாவம்? சும்மா வந்து மண்ணு செமக்க இவனுவளுக்கு என்ன கிறுக்கா? ஞானஸ்நானம் குடுத்து வேதத்துல சேக்கதுக்கு வாறானுவளோ?"

சர்ச் தெருவின் சார்பில் சாமுவேல் சார், மிஷன் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர். அவருடைய கவலை நேர் எதிரானது.

"தம்பி, நான் விசாரிச்சுப் பாத்தேன். அவங்க கூட்டத்துல ஜெபமே கிடையாதாம். அதாக்கும் எனக்குப் பயமா இருக்கு."

மாமாவிடம் சாமுவேல் சார் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்றேன். உடனே போட்டார். சாமுவேல் சாரிடம் மாமா போட்டுவிட்டார் என்றேன். உடனே போட்டார். (முதலில் சொன்னது மட்டும்தான் பொய். இரண்டாவது சொல்லும்போது உண்மையாகிவிட்டது.) கீழக்குடியிருப்பில் யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. பங்குனிக் கடைசியில் ஹில்டா என்ற அம்மையார் தலைமையில் ஏழு பேர் வருகிறார்கள், மூன்று வாரம் தங்குவார்கள்.

எங்கள் நாஞ்சில் நாட்டில் விருந்தாளி வருகிறார் என்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெண் பார்க்க வருகிறார்கள் என்றாலே வீட்டுக்கு வெள்ளை அடித்து, வாசலில் மண் கொட்டி, அடுத்த வீட்டு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, இங்கே ஒரு குறையும் கிடையாது என்று காட்டினால்தான் தூக்கம் வரும். இப்போது வருவதோ கடல் தாண்டி! கடிதத்தை நான் வாசித்து முடித்ததும் மாமா கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"எந்த வழியாட்டு வருவாவ?"

"ஒரு வழிதான மாமா இருக்கு, நம்ம வண்டித்தடம்."

"போச்சு! அந்தக் குழியில வண்டி எறங்கி அந்த அம்மைக்கு இடுப்பு ஒடிஞ்சா நம்ம ஊருக்கு என்ன பேருலே?"

மறுநாள் பிள்ளைமார் தெரு ஆட்கள் வாசகசாலை முனையிலிருந்து குழிகளை மூடத் தொடங்கினார்கள். செய்தி சர்ச் தெருவுக்குப் போயிற்று. அவர்கள் விட்டுவிடுவார்களா? பெரிய ரோட்டு முனையிலிருந்து அவர்கள் தொடங்கினார்கள். இவர்கள் சரல் கொட்டினால் அவர்கள் கல் பாவி அதன்மேல் சரல் கொட்டினார்கள். இவர்கள் இரண்டு திமிசுக்கட்டை கொண்டுவந்து இடித்தால் அவர்கள் நான்கு கொண்டுவந்தார்கள். பத்து நாளில் இரண்டு பக்கமும் நடுவில் வந்து முட்டியது. அப்படி ஒரு ரோடு அதற்கு முன் அந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. வாசகசாலை வாசலோடு நிறுத்திக்கொண்டார்கள். விருந்தாளி அதற்கு அப்பால் போக வேண்டிய அவசியம் இல்லை.

நான் ஏன் தடுக்கவில்லை என்று கேட்பீர்கள். தடுப்பதாவது! நானும் இரண்டு நாள் திமிசுக்கட்டை பிடித்தேன். ஊரே வேலை செய்கிறதே என்று உச்சி குளிர்ந்துபோய் நின்றேன். வருகிறவர்கள் எதற்கு வருகிறார்கள் என்பது சுத்தமாக மறந்துபோயிற்று. அவர்கள் வரும் நாள் காலையில் படிவத்தின் நகலை எடுத்து ஒருமுறை பார்த்தேன். முதல் கேள்வி: "செய்ய வேண்டிய வேலை என்ன?" என் பதில்: "ரோடு." அந்த ரோட்டைத்தான் நாங்கள் போட்டு முடித்திருந்தோம்.

ஏழு பேரும் பேருந்திலிருந்து இறங்கினார்கள். ஹில்டா அம்மையாருக்கு நாற்பது வயது இருக்கும், நல்ல உயரம், வெயிலில் முகம் செக்கச்செவேல் என்றிருந்தது. அலங்கரித்த மூன்று வில்வண்டிகள் காத்துக்கொண்டு நின்றன. அவர்கள் வண்டிகளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மூட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே வந்தார்கள். பின்னால் மூன்று வண்டியும் காலியாக வந்தது.

"பின்ன எதுக்குலே நாம ரோடு போட்டோம்?" என்று மாமா என் காதில் கேட்டார்.

வாசகசாலையில் இளநீர், முந்திரிக்கொத்து, பழக்குலை என்று அமர்க்களம். மாமா எழுந்து பேசினார். நான்தான் மொழிபெயர்ப்பு.

"அம்மைமாரே, அய்யாமாரே, நீங்க ஒண்ணுக்கும் அனங்காண்டாம். வேலையெல்லாம் நாங்களே முடிச்சாச்சு. மூணு ஆழ்ச்சையும் நல்லாச் சாப்பிட்டு, திற்பரப்பு அருவியில குளிச்சு, கன்னியாகுமரியில சூரியன் உதிக்கதப் பாத்துக்கிட்டு, சொகமாட்டுப் போயிட்டு வாங்கோ!"

கைதட்டல் ஓய்ந்தது. ஏழு முகங்களும் என்னைப் பார்த்தன.

"தலைவர் உங்களை அன்போடு வரவேற்கிறார்," என்றேன் ஆங்கிலத்தில். "நாளைக் காலை வேலை தொடங்கும் என்கிறார்."

சாமுவேல் சாருக்கு இருமல் வந்துவிட்டது. ஊர் மானம் கருதி அவர் அதை இருமலோடு நிறுத்திக்கொண்டார்.

"கன்னியாகுமரி என்றாரே?" என்று ஹில்டா கேட்டார்.

"ரோடு அங்கே வரைக்கும் போய்ச் சேரும் என்றார்."

அன்று மாலை அவர்கள் தங்கியிருந்த மிஷன் பள்ளிக்கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து கூட்டம் போட்டதை நான் சன்னலோரம் நின்று வேடிக்கை பார்த்தேன். ஹில்டா என்னையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். யார் சமைப்பது, யார் தண்ணீர் எடுப்பது, யார் கழிப்பறைக் குழி வெட்டுவது என்று எல்லாவற்றையும் பேசி முடிவு செய்தார்கள். ஒருவர் வேண்டாம் என்றால் மற்றவர்கள் ஏன் என்று கேட்டார்களே தவிர, யாரும் உத்தரவு போடவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"உங்களில் யார் பெரியவர்?" என்று கேட்டேன்.

"இந்த வாரம் பாத்திரம் கழுவுவது நான்," என்றார் ஹில்டா. அது பதிலா இல்லையா என்று எனக்கு விளங்கவில்லை.

பிறகு விளக்கமாகவே சொன்னார். அவர்களில் ஒருவர் ஜெர்மானியர், ஒருவர் பிரெஞ்சுக்காரர். யுத்தம் முடிந்ததும், குண்டு விழுந்து இடிந்த ஒரு ஊரில் இருவரும் ஒரே கூடையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கல் சுமந்தார்களாம். "ரோடு, பாலம் எல்லாம் எங்களுக்கு ஒரு சாக்கு. யாரோடு யார் சேர்ந்து சுமக்கிறார்கள் என்பதுதான் எங்கள் வேலை. உங்கள் ஊரில் எல்லாத் தரப்பும் சேர்ந்தே எல்லாம் செய்கிறீர்கள் என்று எழுதியிருந்தாய். படித்து ஆச்சரியப்பட்டோம்," என்றார்.

அந்த ஒரு வாக்கியம் போதும். இவர்கள் நாளைக்கு மண்வெட்டியோடு வந்து நின்று, செய்ய வேலையே இல்லை என்று தெரிந்தால்? கடல் தாண்டி வரவழைத்து ஏமாற்றிய பயல் என்று என் பெயர் எத்தனை நாட்டில் நாறும்? உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ஹில்டா எனக்கு ஒரு பிஸ்கட் தந்தார். வாயை மூடிவிட்டேன்.

இருபத்துமூன்று வயதில் மூளை எப்படி வேலை செய்யும் என்பதற்கு இனி வருவதுதான் சாட்சி. வேலை இல்லை என்பதுதானே பிரச்சினை, கொஞ்சம் வேலையை உண்டாக்கிவிட்டால் போயிற்று! விடியற்காலையில் மண்வெட்டியோடு பெரிய ரோட்டு முனைக்குப் போனேன். ஒரு பத்தடி நீளத்துக்கு மட்டும் கிளறிவிடலாம் என்பது திட்டம். சர்ச் தெரு போட்ட பகுதி அது. சவம், கல்லு மாதிரி இறுகிக் கிடந்தது. நான்கு அடி கிளறுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது.

"காலை வணக்கம்!"

திரும்பினால் ஏழு பேரும் மண்வெட்டி, கடப்பாரையோடு வரிசையாக நிற்கிறார்கள். ஐந்து மணிக்கு எழுவது அவர்கள் விதியாம். ஹில்டாவின் முகம் மலர்ந்திருந்தது.

"எங்களுக்கு முன்னாலேயே தொடங்கிவிட்டாயே! பழைய ரோட்டை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடப்போகிறோமா?"

"ஆமாம்," என்றேன். வேறு என்ன சொல்ல?

ஐயோ, அவர்கள் வேலை செய்த வேகம்! கப்பலில் மாதக்கணக்காகக் கட்டிப்போட்டிருந்த மாடுகளை அவிழ்த்துவிட்டது போல இருந்தது. ஜெர்மானியர் கடப்பாரையைப் போட்டு நெம்ப, பிரெஞ்சுக்காரர் கல்லைப் பெயர்த்து ஓரத்தில் அடுக்க, இரண்டு பெண்கள் சரலை வாரிக் குவிக்க, "போதும், இன்றைக்கு இவ்வளவு போதும்" என்று நான் கத்தக் கத்த, என் அடக்கத்தைப் பாராட்டிக்கொண்டே முன்னேறினார்கள். பொழுது நன்றாக விடிந்தபோது நூறு அடி ரோடு காணாமல் போயிருந்தது.

முதலில் பார்த்தவர் பால் கொண்டுபோனவர். ஊர் திரண்டு வர ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நெற்றி நிறைய திருநீறும் தோளில் ஈரத்துண்டுமாக மாமா ஓடிவந்தார்.

"லே! மூதி! என்னலே செய்யிதே? நாங்க போட்ட ரோட்ட வெட்டுகதுக்காலே இவனுவ கப்பல்ல வந்தானுவ?"

ஊர் உற்சாகப்படுத்துகிறது என்று நினைத்த ஜெர்மானியர், மாமாவைப் பார்த்துக் கையசைத்துவிட்டு இன்னும் வேகமாகக் கடப்பாரையைப் போட்டார்.

சாமுவேல் சார் இந்த முறை இருமவில்லை. நேராக ஹில்டாவிடம் போய், பைபிள் ஆங்கிலத்தில், தொடக்கம் முதல் முடிவு வரை ஒன்று விடாமல் சொல்லிவிட்டார். ஏழு பேரும் கருவிகளைக் கீழே வைத்தார்கள். பூமி பிளக்காதா என்று நான் பார்த்தேன். நாங்களே பிளந்து வைத்திருந்த இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"ஏன் சொல்லவில்லை?" என்றார் ஹில்டா.

"வெட்கம். நீங்கள் திரும்பிப் போய்விடுவீர்களோ என்று பயம்."

"இந்த ரோட்டை யார் போட்டது?"

"இரண்டு தெருவும்."

"சேர்ந்தா?"

"போட்டி போட்டுக்கொண்டு."

அந்த அம்மையார் கல்குவியலில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு இருக்கிறதே, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை முகாம் நடத்தியிருக்கிறோம், எங்களைக் கண்டு பயந்து வேலையை முடித்த ஊர் இதுதான் என்றார். ஊருக்கும் சிரிப்பு வந்தது. தப்பித்தோம் என்று நினைத்தேன். அப்போது அவர் பையிலிருந்து என் படிவத்தை எடுத்து, பின்னால் நான் வரைந்து இணைத்திருந்த வரைபடத்தைப் பிரித்தார்.

"இதில் ரோடு ஒன்பது வீடுகள் வரை போகிறது. நேற்று நாங்கள் நடந்த ரோடு வாசகசாலையோடு நின்றுவிட்டதே. இந்த ஒன்பது வீடும் எங்கே?"

அவர் கேட்டபோதுதான் எனக்கே உறைத்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அதற்கு முன் உறைக்கவில்லை. நானே எழுதினேன், நானே வரைந்தேன், ரோடு முடிந்துவிட்டது என்று நானே பயந்து வெட்டவும் வந்தேன். சாமுவேல் சார் கேள்வியைத் தமிழில் சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். மாமா துண்டை உதறினார். கூட்டத்துக்குப் பின்னால், வயலுக்குப் போகிற வழியில் வேடிக்கை பார்க்க நின்ற பொன்னம்மைதான் பேசினாள்.

"அம்மா எங்க வீட்டயா கேக்கிய? அது ஓடைக்கு அங்கோட்டாக்கும். இந்த ரோடு விருந்தாளிக்குப் போட்டதுல்லா? எங்களுக்கு எங்க விருந்தாளி வாறா? பேறுகாலம்தான் வரும். எளயவளுக்கு ஆனியில நாளு."

மொழிபெயர்க்க வேண்டியவன் நான். முதல் முறையாக ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னேன்.

ஹில்டா யாரையும் திட்டவில்லை. கூட்டாளிகள் இரண்டு பேர் என்று நினைத்து வந்தோம், மூன்று பேர் இருக்கிறீர்கள், மூன்றாவது கையெழுத்து இல்லாமல் நாங்கள் வேலை தொடங்க முடியாது என்றார். படிவத்தைப் பொன்னம்மையிடம் நீட்டினார். அவள் மாமாவையும் சாமுவேல் சாரையும் போல உடனே போட்டுவிடவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று முப்பத்தொன்றையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். கடைசிக் கேள்வியில் பிடித்துக்கொண்டாள்.

"ஊரு பாத்துக்கிடும்னு எழுதியிருக்கியளே, ஊருன்னா யாரு? இந்த அம்மா மூணு ஆழ்ச்சையில போயிருவா. வெள்ளம் வந்து மண்ணு போச்சுன்னா நான் யாரு வீட்டுல வந்து கேக்கணும்? பேரச் சொல்லணும்."

மாமா துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு சொன்னார். "வருசத்துக்கு ஒரு வண்டி சரலு நான் அடிச்சுப் போடுதேன்."

"நான் ரெண்டு வண்டி," என்றார் சாமுவேல் சார்.

"அப்பம் எனக்கும் ரெண்டு!"

ஹில்டா இரண்டு பெயரையும் எழுதிக்கொண்டார். பொன்னம்மை கட்டைவிரலை உருட்டினாள்.

வெட்டிய நூறடியையும் திரும்பப் போடும் தண்டனை எனக்கு. வெட்டியதில் பங்கு உண்டு என்று ஏழு பேரும் முறை வைத்து வந்து உதவினார்கள். அதற்குப் பிறகு ஓடை வரை ரோடு, ஓடைக்கு மேல் கல் பாவி ஒரு சிறு பாலம், அக்கரையில் ஒன்பது வீட்டு வாசல் வரை ரோடு. விருந்தாளி மண் சுமப்பதைப் பார்க்க எங்கள் ஊருக்குப் பொறுக்குமா? ஆள் ஆளுக்கு ஓடிவந்து அவர்கள் தலையிலிருந்த கூடையைப் பிடுங்கினார்கள். ஹில்டா ஒரே ஒரு விதி போட்டார்: கூடையைப் பிடுங்கியவர் அன்று மாலை வரை திருப்பித் தரக்கூடாது. மூன்றாம் நாள் வேலை செய்யாதவர் ஊரில் மாமா ஒருவர்தான். மாலைக் கூட்டத்துக்கு மட்டும் வருவார், வட்டத்துக்கு வெளியே நாற்காலி போட்டு உட்காருவார். பொன்னம்மை வீட்டார் வட்டத்துக்குள் உட்கார்ந்து பேசுவதை ஏதோ வழக்கு விசாரணை போலக் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு நாள் நாற்காலியில் யாரோ சிமெண்டுச் சாக்கை வைத்துவிட்டார்கள். முனகிக்கொண்டே தரையில் உட்கார்ந்தார். பொதுப் பானையிலிருந்து கருப்பட்டிக் காப்பி சுற்றி வந்தது. மலையைப் பார்த்தபடி வாங்கி, மலையைப் பார்த்தபடியே குடித்து முடித்தார்.

அடுத்த வருடம் அந்த அமைப்பிலிருந்து வாசகசாலைக்குப் புதிய படிவம் ஒன்று வந்தது, பார்வைக்கு மட்டும். கேள்விகள் முப்பத்திரண்டாகியிருந்தன. "நாங்கள் வந்து சேர்வதற்கு முன் வேலையை முடித்துவிட மாட்டீர்கள் என்று உறுதி கூறுகிறீர்களா?" உலகத்தில் எத்தனையோ நாட்டுக் கிராமங்கள் இந்தக் கேள்வியைப் பார்த்து ஒன்றும் புரியாமல் விழித்திருக்கும்.

முகாம் முடிந்து அவர்கள் போனார்கள், மழை வந்தது. ஆனியில் ஒரு நாள் பகல், கொட்டுகிற மழையில் ஒரு வில்வண்டி பாலத்தைத் தாண்டிப் பொன்னம்மை வீட்டு வாசலிலேயே போய் நின்றது. இளையவளை ஏற்றிக்கொண்டு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. எட்டு நாள் கழித்து அதே வண்டியில் தாயும் பெண் குழந்தையும் திரும்பி வந்தார்கள். நான் தற்செயலாக அந்த வழியில் நின்றுகொண்டிருந்தேன். (தற்செயல் ஒன்றும் இல்லை. காலையிலிருந்தே நின்றேன். ஒரு நல்ல வார்த்தை கேட்க ஆசை.)

பொன்னம்மை வண்டியை நிறுத்தச் சொன்னாள். துணிக்குள் சுருண்டு கிடந்த குழந்தையை எனக்குக் காட்டினாள். நான் எதுவும் பெரிதாகச் செய்துவிடவில்லை என்று சொல்லத் தோதாக முகத்தை வைத்துக்கொண்டேன்.

"பிள்ளே, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன்."

"சொல்லுங்க," என்றேன். (அந்த 'ங்க' முகாமுக்குப் பிறகு வந்த பழக்கம்.)

"இந்த ரோட்டயும் விடியக்காலம் வந்து வெட்டிப் போட்டிராதீங்கோ."

வண்டிக்காரர் சிரித்ததில் மாடுகள் மிரண்டன. சாயங்காலத்துக்குள் அது இரண்டு தெருவுக்கும் போய்விட்டது. எனக்குப் பெண் கொடுத்தவர்கள் நிச்சயத்துக்கு முன்பே கேள்விப்பட்டிருந்தார்கள். வீட்டில் நான் ரேடியோவைத் திருகப் போனாலும், சொட்டுகிற குழாயைச் சரி செய்யப் போனாலும், "வெட்டிப் போட்டிராதீங்கோ" என்று அடுக்களையிலிருந்து சத்தம் வரும். இப்போது பேத்தியும் சொல்லப் பழகிவிட்டாள். சரி என்று கையை எடுத்துக்கொள்வேன். அதை முதலில் சொன்ன பொன்னம்மையின் பேத்தியை ஏற்றிக்கொண்டு வந்த வண்டி அன்று ஒரு குலுக்கல் இல்லாமல் வீட்டு வாசல் வரைக்கும் போனது. அதை நான் நின்று பார்த்தேன்.